மண் கிழமை

புதன்கிழமைக்கு நான் வைத்த பேர் மண் கிழமை.
பதிவேட்டில் அப்படி எழுத முடியாது.
'செயல்பாடு' என்ற கட்டத்தில்
'களிமண் வேலை, 40 நிமிடம்' என்று எழுதுவேன்.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில்
தகரக் கூரை போட்ட பிள்ளைக் காம்பரா.
ஏழரைக்கு அம்மாக்கள் இறக்கிவிட்டுப் போவார்கள்,
இடுப்பில் படங்கைச் சுற்றி முடிச்சிட்டபடி.
பதினொரு பிள்ளைகள், இருபத்திரண்டு கைகள்.
நான் எண்ணுவது கைகளைத்தான்.

முதல் புதன் எல்லாவற்றையும் கொட்டினேன்:
மண், ஒரு வாளித் தண்ணீர், சல்லடை, சிரட்டைகள்,
வாய் உடைந்த புனல், ஐஸ் குச்சி ஒரு கட்டு.
என்ன வேணும்னாலும் செய்ங்க என்றேன்.
நல்ல மனசோடுதான் சொன்னேன்.
பத்தாவது நிமிடம் புனலுக்கு நாலு பேர் சண்டை.
ஜெபின் காதுக்குள் மண்.
நிதுசன் சுவரோடு ஒட்டி நின்று
"எதை டீச்சர் செய்யணும், எதை?" என்று
கேட்டுக் கேட்டு, கடைசியில் அழுதான்.
அவ்வளவு பெரிய அனுமதியை
அவன் எங்கேதான் வைப்பான்,
டவுசரில் ஒரு பைகூட இல்லாதவன்.

அடுத்த புதன் பயந்துபோய்
ஆளுக்கொரு உருண்டை, ஒரே எடை.
நான் செய்வதைப் பார், அப்படியே செய்.
பதினொரு ஆமைகள்.
மேற்பார்வைக்கு வந்த அம்மா போட்டோ எடுத்தார்,
"ஒழுங்கா இருக்கு" என்றார்.
சாயங்காலம் கிளம்பும்போது
தன் ஆமை எதுவென்று ஒருத்திக்கும் தெரியவில்லை,
ஒருத்தனுக்கும் தெரியவில்லை.
கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கவ்வாத்து பண்ணாத தேயிலை மரமாகிவிடும்,
பிள்ளையும் அப்படித்தான் என்பார் மேஸ்திரி மரியசூசை.
எனக்கு அந்தப் பேச்சு ஒட்டாது.
நானும் ஆறு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவள்.
செடி நட்ட இடத்தில் நிற்கும், இதுகள் நிற்குமா?
விதைக்கென்று வெட்டாமல் விட்ட மரம்
நர்சரி ஓரத்தில் இன்னும் நிற்கிறது,
ஐப்பசியில் வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டு.
அதற்கென்ன குறை?
ஆனால் அதில் கொழுந்து கிள்ள ஏணி வேண்டும்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் புதன்
புனலை அலமாரிக்கு மேல் ஒளித்தேன்.
வாளியை இரண்டாக்கினேன்.
சட்டைக் கையை மடி. ஆள் மேல் மண் போடாதே.
வேலிக்கு அந்தப் பக்கம் போகாதே,
காட்டெருமை சொல்லிக்கொண்டு வராது.
மீதி உங்கள் பாடு.
நிதுசனிடம் மட்டும் குனிந்து கேட்டேன்,
சிரட்டை வேணுமா, சல்லடை வேணுமா?
அவன் யோசித்தான்.
உள்ளே கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது,
அப்போதும் யோசித்தான்.
சல்லடை என்றான்.

மழை பிடித்தது. கூரை ஒழுகும் இடத்திலிருந்து
டிலானி குச்சியால் ஒரு வாய்க்கால் கீறினாள்.
அது வளைந்து வளைந்து
நேரே வாசற்படிக்கு வந்துகொண்டிருந்தது.
'வேண்டாம்' என்ற சொல் என் பல் வரைக்கும் வந்துவிட்டது.
உள்ளே கைக்குழந்தை தூங்குகிற பாய்.
பாயைக் குழந்தையோடு இழுத்து ஓரம் போட்டேன்,
சொல்லை விழுங்கினேன்.
தண்ணீர் படி ஏறவில்லை, ஆனால் படியின் வெடிப்பில் நுழைந்தது,
என் செருப்பு நனைந்தது.
அப்போதுதான் நிதுசன் ஓடிவந்து
சல்லடையை வாய்க்காலின் குறுக்கே செங்குத்தாக நட்டான்.
இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்,
ஒரு வார்த்தை பேசாமல்.
"மண்ணு நிக்குது," என்றாள் அவள்.
"தண்ணி போகுது," என்றான் அவன்,
யாரோ அவனைக் கேட்டது போல.

நாற்பது நிமிடம் எழுபத்தைந்து ஆகியிருந்தது.
பதிவேட்டில் நாற்பது என்றே எழுதினேன்.
கஞ்சி கொஞ்சம் கருகல்.
சாப்பிடும் முன் இருபத்திரண்டு கைகளையும்
சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன்,
நகக்கண் வரைக்கும்.
அதில் மட்டும்
யாருடைய விருப்பத்தையும் நான் கேட்கவில்லை.